அடுக்களையும் ஆர்க்கிடு மலரும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறினார் என்பது தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்ததே. நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் மலரின் பெயரையே இட்டு வழங்கிய மொழி நம்முடையது. ஆயினும், இரும்புலியூரிலும் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் இன்று பல வீடுகளின் முகப்பில் தொங்கும் ஒரு மலர்ச்செடிக்கு மக்கள் நாவில் பயிலும் தமிழ்ப்பெயர் இல்லை. ‘ஆர்க்கிடு’ என்றே அதனை வாங்குகிறோம். அப்பெயராலேயே அயலாருக்குக் காட்டி மகிழ்கிறோம். பெரும்பாலும் ஓராண்டு முடிவதற்குள் அதனைக் குப்பையில் இட்டுவிடுகிறோம்.

சில நூறு ரூபாய் கொடுத்து, பூத்த நிலையில் வாங்கப்படும் செடி அது. பூ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். பூ உதிர்ந்ததும் இலை சுருங்கத் தொடங்கும். உடனே, செடிக்குப் பசி என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவர். அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர், முட்டையோடு, வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை என அடுக்களையில் எஞ்சுவன யாவும் அதன் வேரில் வந்து விழும். அன்பினால் செய்யப்படும் இச்செயல்களே பல செடிகளின் முடிவுக்குக் காரணமாகின்றன. நம் பகுதியில் ஆர்க்கிடு பசியால் மடிவது அரிது. உப்பு நீராலும் மிகையுணவாலும் மடிவதே மிகுதி. வீட்டுப் பொருள்களுள் எவை அதற்கு உணவாகும், எவை ஆகா, ஆகுமெனின் எவ்வளவு நீர்த்து அளிக்க வேண்டும் என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

மரத்தில் வாழினும் மரத்தை உண்ணாதது

இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 1,256 வகை ஆர்க்கிடுகள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி நிலத்தில் வளர்வன. ஏனையவற்றுள் பெரும்பாலானவை மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றி வாழும் தொற்றுத்தாவரங்கள். இவற்றைப் புல்லுருவி எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. புல்லுருவி தன் வேரை மரத்தினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும் இனம். ஆர்க்கிடோ மரத்தைத் தங்குமிடமாக மட்டுமே கொள்கிறது. வடமொழியிலும் இம்மயக்கம் இருந்திருக்கிறது. மரத்தின்மேல் வளரும் செடிகளைக் குறிக்கும் ‘வந்தா’ என்னும் வடசொல்லையே கல்கத்தாவில் வாழ்ந்த வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆர்க்கிடு இனத்திற்குச் சூட்டினார். ‘வாண்டா’ என உலகெங்கும் வழங்கும் பெயர் அதுவே. அவ்வினத்தைச் சேர்ந்த வாண்டா டெசலேட்டா தென்னிந்தியச் சமவெளி மரங்களிலும் தானே முளைத்து வளர்வது. நம் வெயிலை நன்கு அறிந்தது. சிங்கப்பூரில் உறவினர் உடையோர், 1981இல் அந்நாடு தேசிய மலராக ஏற்ற வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் கலப்பினத்தைக் கண்டிருத்தல் கூடும்.

ஓர் இடைக்குறிப்பு. ஆர்க்கிடு நம் பெரியோருக்கு முற்றிலும் புதியதன்று. யூனானி மருந்துக் கடைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் விற்கப்படும் சாலாமிசிரி என்பது நிலத்தில் வளரும் ஆர்க்கிடுகளின் உலர்ந்த கிழங்கே. ‘ஸஃலப் மிஸ்ரி’ என்னும் அரபுப் பெயர் தமிழில் அவ்வாறு திரிந்தது. மிஸ்ரி என்பது எகிப்து நாட்டது என்னும் பொருளுடையது. துருக்கியிலும் அரபு நாடுகளிலும் அக்கிழங்கு மாவைப் பாலில் காய்ச்சிக் குளிர்காலத்தில் பருகுவர். வனிலா மணம் தரும் காயும் ஓர் ஆர்க்கிடுக் கொடியின் காயே. ஆக, அடுக்களைக்குள் இக்குடும்பம் முன்னரே நுழைந்துவிட்டது.

மரத்தைப் பற்றிய ஆர்க்கிடின் வேரை உற்று நோக்கினால் அதன் உணவுமுறை விளங்கும். வேரின்மேல் வெண்மையான பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். தாவரவியலார் அதனை வெலாமன் திசு என்பர். உயிரற்ற அணுக்களால் ஆன இவ்வுறை, மழைத்துளி பட்ட மாத்திரத்தில் நீரை ஈர்த்துக்கொள்ளும். வெண்மை நீங்கிப் பச்சை தோன்றும். காட்டில் மழைநீர் மரப்பட்டையின் வழியே வழிந்து வருகையில் மட்கிய இலையின் சாரத்தையும் பறவை எச்சத்தையும் சிறிது கரைத்துக் கொணர்கிறது. அதுவே ஆர்க்கிடின் உணவு. அந்நீரில் கரைந்துள்ள சத்து மிக மிகக் குறைவு. மழை ஓய்ந்ததும் வேர் காற்றில் உலர்ந்துவிடும். நீர்த்த உணவு, விரைவில் உலரும் வேர் என்னும் இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் புலப்படும்.

உணவுக்கு முன் நீர்

இரும்புலியூரில் ஆர்க்கிடு வளர்ப்போர் முதலில் ஆராய வேண்டியது உரத்தை அன்று, நீரை. இங்குப் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். குளியலறைக் குழாயின் வாயிலும் பாத்திரத்தின் அடியிலும் வெண்படலம் படிவதை இல்லத்தரசியர் அறிவர். அதே வெண்படலம் ஆர்க்கிடின் வேரிலும் படிகிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிட்டாத இடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அது கூறும். மனிதர் பொறுக்கும் அளவை ஆர்க்கிடு பொறாது. 200 மில்லிகிராமைத் தாண்டாத நீரே அதற்கு உகந்தது. வேர்நுனி கருகுதல், இலையின் நுனி பழுப்பாதல், தொட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிதல் ஆகியவை உப்பு மிகுந்ததன் அடையாளங்கள். இவற்றைப் பசியின் அடையாளமாகக் கொண்டு மேலும் உரமிடுவோர் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்க்கின்றனர்.

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமின்றிச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் பெருகியுள்ளது. சிக்கனம் போற்றத்தக்கதே, ஆனால் ஆர்க்கிடுக்கு அந்நீர் நஞ்சு. கருவி பிரித்தெடுத்த உப்புகள் அனைத்தும் அதிலேதான் செறிந்துள்ளன. தரை கழுவ அது பயன்படட்டும். இதற்கு மாறாக, குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவது, ஏறத்தாழ உப்பற்றது. அதனை ஒரு வாளியில் பிடித்து, கருவியின் தூசு கலந்த முதல் நீரைக் கொட்டிவிட்டு, எஞ்சியதை அளிக்கலாம்.

மழைநீருக்கு ஈடு எதுவும் இல்லை. 2003இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் நம் வீடுகளில் குழாய் அமைப்பு ஏற்கெனவே உள்ளது. 100 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர் நீர் கிட்டும். பத்துத் தொட்டிகளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் செலவாகும் எனக் கொண்டால், அஃது ஒன்றரைத் திங்களுக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பீப்பாய்கள் நிரப்பி வைப்போர் கோடைத் தொடக்கம் வரை கவலையற்றிருக்கலாம். பீப்பாயின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுதல் இன்றியமையாதது. தெளிந்த நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசு டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. ஒரு பூவிற்காகத் தெருவையே நோய்க்கு உள்ளாக்குதல் தகாது. மழைநீர் தீர்ந்தவிடத்து, சுத்திகரித்த குடிநீரில் பாதியும் கிணற்று நீரில் பாதியும் கலந்து ஊற்றலாம். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் கடினநீர் மென்னீராகிவிடும் என்பாரும் உளர். சாறு நீரின் காரத்தன்மையைக் குறைக்கும், உப்பை நீக்காது. இலையில் படிந்த வெண்கறையைத் துடைக்க அச்சாறு கலந்த நீரில் நனைத்த துணி உதவும். அதன் பயன் அவ்வளவே.

அடுக்களை தரும் உணவு

செடிகள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலியவற்றை நீரில் கரைந்த எளிய வடிவிலேயே உட்கொள்ளும். வாழைப்பழத்தோலையோ மீன் துண்டையோ வேர் அப்படியே உண்ண இயலாது. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்த பின்னரே சத்து வெளிப்படும். மண்ணில் அந்நுண்ணுயிர்கள் எண்ணிலடங்கா. ஆதலின் ரோசாச் செடியின் அடியில் எதைப் புதைத்தாலும் சின்னாளில் மட்கி உரமாகிறது. ஆர்க்கிடுத் தொட்டியில் மண்ணே இல்லை. கரித்துண்டும் தேங்காய் மட்டையும் ஓட்டுத்துண்டுமே உள்ளன. அங்கு இட்ட எச்சில் பொருள் உணவாவதற்கு முன் அழுகிப் பூஞ்சையை வரவழைக்கும். எனவே, சிதைக்கும் வேலையைத் தொட்டிக்கு வெளியே முடித்து, வடிகட்டி, நீர்த்து அளித்தல் வேண்டும். வீட்டு உரம் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

அரிசி கழுவிய நீரை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் நாள்தோறும் கிடைப்பது இதுவே. மிகுதியாகத் தவறாகப் பயன்படுவதும் இதுவே. அதில் சிறிது மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உயிர்ச்சத்துகளும் உள்ளன. தழைச்சத்து மிகக் குறைவு. மாவுச்சத்தோ மிகுதி. அம்மாவு தேங்காய் மட்டையின் இடுக்குகளில் தங்கிப் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிறு ஈக்கள் மொய்க்கும். கழுநீரை ஒரு பாத்திரத்தில் மூடி ஒருநாள் வைத்து, அடியில் படிந்த மாவை நீக்கி, மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்து, ஒரு பங்கிற்குப் பத்துப் பங்கு நல்ல நீர் சேர்த்து இருவாரத்திற்கு ஒருமுறை ஊற்றலாம். மறுநாள் வெறும் நீரால் வேரைக் கழுவிவிட வேண்டும். உப்பிட்டு வடித்த கஞ்சி எக்காலத்தும் ஆகாது. கழுநீரை மட்டுமே நம்பியிருத்தலும் போதாது. தழைச்சத்திற்கு வேறொன்று வேண்டும்.

அவ்வேறொன்று கடலைப்புண்ணாக்கு. அதன் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவிற்குத் தழைச்சத்து உண்டு. 50 கிராம் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவிட்டு, நாள்தோறும் ஒருமுறை கிளறி, துணியில் வடித்து, அவ்வடிநீர் ஒரு பங்கிற்கு ஐந்து பங்கு நீர் கலந்தால் இளந்தேயிலை நிறம் வரும். புதுத் தளிரும் புது வேரும் விடும் காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை இதனை அளிக்கலாம். நாற்றம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் அயலாரின் பொறுமையைச் சோதிக்காமல், மாலைப்பொழுதில் சிறிதளவே கரைப்பது நலம். ஊறிய சக்கையை வேறு செடிகளின் மண்ணில் புதைத்துவிடலாம்.

மீன் கழுவிய நீரை நேரே ஊற்றுவதைக் காட்டிலும் மீன் அமிலம் செய்தல் சிறந்தது. மீனின் தலை, செவுள், குடல் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, அதே எடை நாட்டு வெல்லத்துடன் கலந்து, நெகிழிக் கலனில் இட்டு நிழலில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கிவிடக் கூடாது. உள்ளே உண்டாகும் வளி வெளியேற வழி வேண்டும். 21 நாள் முதல் 30 நாள் வரை கழித்து வடித்தால் தேன் நிறமுள்ள நீர்மம் கிட்டும். பச்சை மீனின் வாடை பெரிதும் அடங்கியிருக்கும். தமிழக உழவர்கள் பயிர்களுக்கு இதனை லிட்டருக்கு 10 மில்லி வரை கலந்து தெளிக்கின்றனர். ஆர்க்கிடுக்கு லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லி போதும். இவ்வளவா என வியப்போர் மரப்பட்டையில் வழியும் மழைநீரை நினைக்க. ஒரு குடும்பத்தின் ஒருநாள் மீன் கழிவு பத்துத் தொட்டிகளுக்குப் பல திங்கள் வரும். ஆகவே அண்டை வீட்டார் சேர்ந்து செய்வதே பொருத்தம்.

எஞ்சியவற்றை விரைந்து கூறலாம். வாழைப்பழத்தோலில் சாம்பல்சத்து உண்மையில் உண்டு. கூடவே சர்க்கரையும் உண்டு. சர்க்கரை எறும்பை அழைக்கும். எறும்பு மாவுப்பூச்சியைச் சுமந்துவரும். தோலை மட்கு குழியில் இடுக. முட்டையோடு சுண்ணாம்பு, வெறும் நீரில் கரையாது. நம் கடினநீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்திருக்க, அதனை மேலும் அரைத்துத் தூவுதல் பொருளற்ற உழைப்பு. மழைநீர் மட்டுமே ஊற்றுவோர் வேண்டுமாயின் சிறிது தூவலாம். தேயிலைச் சக்கை என்று நாம் வைத்திருப்பது பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்தது என்பதை மேலைநாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்துப் பின்பற்றுவோர் மறந்துவிடுகின்றனர். இலைக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது இலையின் மூச்சுத்துளையை அடைக்கும் செயல். பேதியுப்பு வெளிமச் சத்து தருவது. லிட்டருக்கு அரை கிராம், திங்களுக்கு ஒருமுறை.

வீட்டு உரம் செய்ய நேரமில்லாதவர் வருந்த வேண்டா. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம் வீதம் வாரம் ஒருமுறை போதும். செயற்கை உரம் தீது, அடுக்களை உரம் நன்று என்னும் பாகுபாட்டை வேர் அறியாது. அதனை வந்தடைவது இரண்டிலும் ஒரே உப்பே. வீட்டு உரத்தின் சிறப்பு செலவின்மையும் கழிவு குறைதலும் ஆகும். அதன் குறை, அளவு ஒவ்வொரு முறையும் மாறுவது. எவ்வுரம் இடினும் திங்களுக்கு ஒருமுறை மழைநீரைத் தாராளமாக ஊற்றி எஞ்சிய உப்பைக் கழுவிவிடுதல் வேண்டும்.

இளநீரும் ஆய்வுக்கூடமும்

அடுக்களைப் பொருளும் அறிவியலும் மெய்யாகவே கைகோத்த இடம் ஒன்று உண்டு. ஆர்க்கிடின் ஒரு காயில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும். தூசு போன்ற அவ்விதைகளில் நெல்லுக்கும் கடலைக்கும் உள்ளது போன்ற உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி அவை முளையா. இவ்வுண்மையை பிரான்சு நாட்டு நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். பூஞ்சைக்கு மாற்றாகச் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழிலேயே விதைகளை முளைக்கச் செய்யலாம் என அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். 1941இல் ஓவர்பீக் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் தேங்காயின் நீர்மம் இளங்கருவின் வளர்ச்சியைத் தூண்டுவதை வெளியிட்டனர். அன்று முதல் உலகெங்கும் ஆர்க்கிடு ஆய்வுக்கூடங்களில் இளநீர், மசித்த வாழைப்பழம், உருளைக்கிழங்குச் சாறு ஆகியவை ஊட்டக்கூழில் சேர்க்கப்படுகின்றன. நாம் வாங்கும் டென்ட்ரோபியமும் ஃபலனாப்சிசும் இத்தகைய குடுவைகளில் பிறந்த கலப்பினங்களே.

இதனைக் கேட்டவுடன் இளநீரைத் தொட்டியில் ஊற்ற எழுவோருக்கு ஒரு சொல். ஆய்வுக்கூடக் குடுவை நுண்ணுயிர் நீக்கப்பட்டது. அங்குச் சர்க்கரையைப் போட்டியிட்டு உண்ணப் பூஞ்சை இல்லை. நம் மாடியோ அவ்வாறன்று. இளநீரில் உள்ள வளர்ச்சியூக்கியை விரும்புவோர் ஒரு பங்கிற்கு இருபது பங்கு நீர் கலந்து, புதிதாக, காலையில் இலைமேல் மெல்லத் தெளிக்கலாம். எஞ்சியதை வைத்திருந்து மறுநாள் தெளித்தல் கூடாது.

தொட்டி, வெயில், மழை

தொட்டியில் இட அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் ஏற்றவை. புது மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாயமும் இருப்பதால் நீர் நிறம் மாறுவது நிற்கும்வரை பலமுறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். இரண்டாண்டில் மட்டை மட்கிவிடும், மாற்றுக. கரி தேடி உணவகங்களை நாடுவோர், இறைச்சிக் கொழுப்புச் சொட்டிய கரியை எடுத்தல் ஆகாது. வாண்டா வகைக்குத் தொட்டியே தேவையில்லை. மரச்சட்டக் கூடையில் வேர் வெறுமனே தொங்கட்டும்.

வெட்டுப்பட்ட இடத்தில் மஞ்சள்தூளோ பட்டைத்தூளோ தடவினால் பூஞ்சை அணுகாது. பட்டைத்தூளை வேரில் தூவக்கூடாது. ஈரத்தை உறிஞ்சி வேரை உலர்த்திவிடும். செதில் பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம்.

சித்திரை, வைகாசியில் நம் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும். தாம்பரத்தைச் சூழ்ந்த பழைய நிலம் வறண்ட புதர்க்காடு. மழைக்காட்டுச் செடிக்கு இது வேற்றூர். பாதி ஒளியைத் தடுக்கும் நிழல்வலை டென்ட்ரோபியத்திற்கும் வாண்டாவிற்கும் போதும். ஃபலனாப்சிசு வீட்டினுள் சன்னலோரமே தங்கட்டும். தரையில் நீர் தெளித்தும், கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் விட்டும் காற்றின் ஈரத்தைக் கூட்டலாம். அக்காலத்தில் உரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வாடிய வேருக்கு உரமிடுவது புண்ணில் உப்பிடுவதற்கு நிகர். வடகிழக்குப் பருவமழையில் இடர் வேறுவகை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானதை இப்பகுதியினர் மறவார். அத்தகைய நாள்களில் மட்டை உலரவே உலராது; குருத்தில் தேங்கிய நீர் ஒரே வாரத்தில் செடியை அழுகச் செய்யும். கூரைக்குள் மாற்றி, காற்றோட்டம் தந்து, மழை விடும்வரை உரத்தை நிறுத்திவிடுக.

மாணவர்க்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காட்டிற்கும் கொல்லிமலைக்கும் சுற்றுலா செல்லுங்கால், மரத்தில் பூத்திருக்கும் ஆர்க்கிடைப் பறித்துவரும் ஆசை எழும். குளிர்ந்த மலைச்செடி இரும்புலியூர் வெயிலில் ஒரு கோடையும் தாங்காது. அகத்தியமலைக்கே உரிய பாஃபியோபெடிலம் டுரூரி என்னும் ஆர்க்கிடு, பறிப்போர் மிகுதியால் அருகி அழிவின் விளிம்பை அடைந்தது. அவ்வினமும் வடகிழக்கு மாநிலங்களின் நீல வாண்டாவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. காண விரும்புவோர்க்கு ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையின் தேசிய ஆர்க்கிடுப் பூங்கா உள்ளது. வளர்க்க விரும்புவோர்க்கோ தாய்ச்செடியே வழி செய்கிறது. பூத்து முடிந்த டென்ட்ரோபியத்தின் பழைய தண்டை வறண்டதென்று பலர் வெட்டி எறிகின்றனர். அதில் சேமித்த நீரும் உணவும் உள்ளன. வெட்டாது விட்டால் அதன் கணுவில் சிறு கன்று ஒன்று முளைக்கும். அதன் வேர் இரண்டு விரற்கடை நீண்டதும் தண்டோடு அறுத்து, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவி, கரித்துண்டில் கட்டி நிழலில் தொங்கவிடலாம். முதல் மூன்று வாரம் மழைநீர் மட்டும் போதும், உரம் பிறகு.